கல்லை உருட்டுவது தண்ணீர், தேய்ப்பது கல்

ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் எப்படி இவ்வளவு வழவழப்பானது என்று யாரைக் கேட்டாலும், "தண்ணீர் ஓடி ஓடித் தேய்ந்தது" என்ற பதில்தான் வரும். தப்பான பதில் இல்லை. ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் இடறும். தண்ணீருக்குள் கையை விட்டால் அது விலகி வழிவிடுகிறது. சுத்தியலால் அடித்தாலும் சட்டென்று உடையாத கருங்கல்லின் மூலையை, கைக்கு வழிவிடும் ஒரு பொருள் எப்படி மழுக்கும்?

பெரும்பாலும் மழுக்குவது தண்ணீர் இல்லை. கல்லைத் தேய்ப்பது இன்னொரு கல். தண்ணீர் கல்லைத் தூக்குகிறது, உருட்டுகிறது, ஒன்றோடொன்று மோதவிடுகிறது, உதிர்ந்த தூளை அள்ளிக்கொண்டு போகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பிக்கும். அதனால் முதலில் இதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

மூடி இறுக்கமாக இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு செங்கல்லை உடைத்து, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிதாக, முனையும் மூலையுமாக இருக்கும் துண்டுகளைப் பொறுக்குங்கள். ஒரு டப்பாவில் ஒரே ஒரு துண்டு, இன்னொன்றில் பன்னிரண்டு. இரண்டிலும் பாதி அளவுக்குத் தண்ணீர். இப்போது இரண்டையும் பத்து நிமிடம் ஒரே மாதிரி குலுக்குங்கள். கை வலிக்கும், பரவாயில்லை. தனியாக இருந்த துண்டில் பெரிய மாற்றம் இருக்காது. தண்ணீர் லேசாக நிறம் மாறியிருக்கும், அவ்வளவுதான். கூட்டமாக இருந்த டப்பாவில் தண்ணீர் செக்கச்செவேல் என்று கலங்கியிருக்கும். துண்டுகளை எடுத்துத் தடவினால், முன்பு விரலைக் குத்திய முனைகள் இப்போது குத்தாது. அந்தச் சிவப்புத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி அசையாமல் வைத்துவிடுங்கள். சில மணி நேரத்தில் அடியில் மாவுபோல ஒரு படலம் படியும். காணாமல்போன மூலைகள் அங்கேதான் இருக்கின்றன.

இரண்டு டப்பாவிலும் தண்ணீர் ஒன்றுதான், குலுக்கலும் ஒன்றுதான். பக்கத்தில் மோத இன்னொரு கல் இருந்ததா என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சரி, மோதுகிறது, தேய்கிறது. ஏன் எப்போதும் உருண்டையை நோக்கியே போகிறது? கல் இன்னொரு கல்லில் எங்கே வேண்டுமானாலும் மோதலாமே?

மோதலாம். ஆனால் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குத்தான் முதல் அடி விழும். ஒரு மூலையை எடுத்துக்கொண்டால், அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்க அதிகச் சரக்கு இல்லை. மூன்று பக்கமும் வெட்டவெளி. ஒரு சின்ன விரிசல் குறுக்கே ஓடினாலே சில்லு தெறித்துவிடும். தட்டையான முகத்தின் நடுவில் விழும் அடி அப்படி இல்லை. சுற்றிலும் கல் தாங்கிப் பிடிக்கும். ஆகவே கூர்மையான இடம் வேகமாகத் தேய்கிறது, அடுத்த கூர்மை அடுத்துத் தேய்கிறது, தட்டையான இடம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. இது தொடர்ந்து நடந்தால் எல்லா இடமும் ஒரே வளைவுக்கு வந்து சேரும். வளைவு அதிகமுள்ள இடம் அதற்கேற்ப வேகமாகத் தேயும் என்று வைத்துக்கொண்டால், எல்லாப் பக்கமும் புடைத்த, சமச்சீரான ஒரு கல் கடைசியில் உருண்டையை நெருங்கும் என்று கணிதவியலாளர் ஃபைரி 1974-இல் நிறுவினார்.

உண்மையான ஆற்றில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. ஹங்கேரியின் காபோர் டொமொகோஷ், அமெரிக்காவின் டக்ளஸ் ஜெரோல்மாக் உள்ளிட்ட குழுவினர் 2014-இல் இதை விளக்கினார்கள். முதல் கட்டத்தில் மூலைகளும் விளிம்புகளும் மழுங்கும், ஆனால் கல்லின் அகலம் அவ்வளவாகக் குறையாது. மூலைகள் தீர்ந்த பிறகுதான் இரண்டாவது கட்டம் வரும். அப்போது கல் வடிவம் மாறாமல் மெல்ல மெல்லச் சிறுக்க ஆரம்பிக்கும். முதல் கட்டத்தில் கல் ஒன்றும் பெரிதாக இழக்கவில்லை என்று கண்ணுக்குத் தோன்றும். கணக்குப் போட்டால் திடுக்கிட வைக்கும். ஒரு கனசதுரக் கல்லை, அதன் அகலம் குறையாமல், உள்ளே அடங்கும் உருண்டையாக மாற்றினால் கிட்டத்தட்ட 48 சதவீதம் போய்விடும். பாதிக் கல்! அகலத்தை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அந்தப் பாதிதான் மணலாகவும் வண்டலாகவும் கீழே போகிறது. டம்ளரின் அடியில் படிந்த செங்கல் மாவு நினைவிருக்கட்டும்.

அடுத்து, ஓட்டத்தின் பலம். தண்ணீருக்குள் கல் கொஞ்சம் லேசாகிவிடும் என்பது ஆற்றில் இறங்கிக் கல் தூக்கியவர்களுக்குத் தெரியும். சாதாரணக் கல் ஒன்றின் அடர்த்தி தண்ணீரைப்போல சுமார் 2.65 மடங்கு. அதனால் நீருக்குள் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுகிறது. மீதி எடையைத் தள்ளுவது நீரின் வேகம். வேகம் இரண்டு மடங்கானால், ஆறு உருட்டக்கூடிய கல்லின் விட்டம் சுமார் நான்கு மடங்காகும். விட்டம் நான்கு மடங்கு என்றால் எடை 4 × 4 × 4, அதாவது 64 மடங்கு. தோராயமான விதிதான் இது. ஆனால் வெள்ளம் ஏன் வேறு ஓர் ஆறு மாதிரி நடந்துகொள்கிறது என்பதை இது ஒன்றே சொல்லிவிடுகிறது. நேற்றுவரை மணலை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்த ஆறு, வேகம் இரண்டு மூன்று மடங்கு ஏறியதும் குண்டுக்கற்களை உருட்டத் தொடங்கும். அப்போது கரையில் நின்றால் நீரின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்கும்: மரப்பெட்டிக்குள் யாரோ கனமான எதையோ உருட்டுவதுபோல, மங்கலாக, விட்டுவிட்டு. படுகையில் கற்கள் மோதும் சத்தம் அது. நீருக்கடியில் ஒலிவாங்கி வைத்தும், கரையில் நிலநடுக்கமானி வைத்தும் இந்த மோதல்களை எண்ணுகிறார்கள்.

ஆக, ஒரு கூழாங்கல்லின் வாழ்நாளில் பெரும்பகுதி சும்மா கிடப்பதுதான். மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில், ஓர் அங்குலம்கூட நகராமல் படுகையில் கிடக்கும். பெருவெள்ளம் வரும் சில மணி நேரத்தில் மளமளவென்று உருண்டு, நூற்றுக்கணக்கான அடி வாங்கி, எங்கோ ஓர் இடத்தில் மறுபடி உட்கார்ந்துவிடும். கற்களுக்கு வண்ணம் பூசி விட்டும், சின்னத் துளை போட்டு உள்ளே அடையாளம் காட்டும் மின்னணுச் சில்லு பதித்து விட்டும், அடுத்த வெள்ளத்துக்குப் பிறகு தேடிப்பிடித்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். கல் தேய்வதை "மெல்ல மெல்ல, ஓயாமல்" நடக்கும் வேலையாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். உண்மையில் அது நீண்ட தூக்கமும் குறுகிய கலவரமும்.

எல்லா அளவுக் கல்லும் ஒரே மாதிரி தேய்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய கல் படுகையோடு ஒட்டி உருளும், சறுக்கும். அதைவிடச் சிறியது துள்ளித் துள்ளிப் போகும். மணல் சில இடங்களில் துள்ளும், வேகமான ஓட்டத்தில் மிதக்கும். வண்டலும் களிமண்ணும் நீரோடு கலந்தே போய்விடும். துள்ளும் கல்லின் அடிதான் பலமானது. மணலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு மணல் துகள்கள் நீருக்குள் நெருங்கும்போது நடுவில் இருக்கும் நீரே மெத்தைபோல மோதலைத் தாங்கிவிடுகிறது. அதனால் ஆற்று மணலைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், எவ்வளவோ தூரம் வந்திருந்தாலும் பல துகள்கள் இன்னும் மூலையும் முனையுமாகவே இருக்கும். பாலைவன மணல் அதைவிட நன்றாக உருண்டிருக்கும். அங்கே காற்றில் பறந்து மோதும் துகள்களுக்கு நடுவே மெத்தை எதுவும் இல்லை. தண்ணீர்தான் எல்லாவற்றையும் உருட்டி வடிக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, மணல் விஷயத்தில் காற்று முந்திவிட்டது என்று தெரிந்தபோது நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கல்லின் சாதியும் முக்கியம். சுண்ணாம்புக்கல், களிப்பாறை போன்ற மென்மையானவை சில கிலோமீட்டரிலேயே மழுங்கிவிடும். வெங்கச்சங்கல், அதாவது குவார்ட்ஸ், கடினத்தன்மை அளவுகோலில் 7-இல் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 3-இல். மேலாற்றில் பத்து வகைக் கல் கிடக்கும். கீழே போகப் போக ஒவ்வொன்றாகத் தூளாகிக் காணாமல் போகும். கருங்கல்லிலும் இதே கதைதான். அதில் இருக்கும் காக்காய்ப்பொன் சீக்கிரம் உரிந்துவிடும், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் வெயிலிலும் ஈரத்திலும் களிமண்ணாக மாறிவிடும், குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சும். ஆற்று மணலில் குவார்ட்ஸ் இவ்வளவு நிறைந்திருப்பது அதனால்தான்.

கீழே போகப் போகக் கல் சிறுப்பதை ஜெர்மானியப் பொறியாளர் ஸ்டெர்ன்பெர்க் ரைன் நதியில் அளந்து 1875-இல் ஒரு விதியாகவே எழுதினார். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கல் தன் எடையில் ஏறக்குறைய ஒரே விகிதத்தை இழக்கிறது என்பது அதன் சாரம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. கீழாற்றில் சின்னக் கல் மட்டும் இருப்பதற்குத் தேய்மானம் மட்டும் காரணமில்லை. சரிவு குறையக் குறைய ஆறு பெரிய கற்களை மேலேயே இறக்கிவைத்துவிட்டு, தூக்க முடிந்ததை மட்டும் கொண்டுவருகிறது. எந்த ஆற்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

இதுவரை பார்த்தது உருளும் கல். உருளாமல் கிடக்கும் படுகைப்பாறை என்ன ஆகிறது? அதற்கும் இதே அடிதான். ஆனால் இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் 1877-லேயே இதை ஊகித்தார். ஆற்றில் சரளையே இல்லை என்றால் பாறையை அடிக்க ஆயுதம் இல்லை. சரளை வர வர அடி கூடும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் சரளை குவிந்தால் அதுவே போர்வையாகிப் பாறையை மூடிவிடும். ஸ்க்லார், டீட்ரிச் என்ற இருவர் ஆய்வகத்தில் இதைச் சோதித்தார்கள். ஓர் உருளைப் பாத்திரத்தின் அடியில் பாறைத் தட்டைப் பதித்து, நீர் ஊற்றி, சுழலி வைத்துக் கலக்கி, சரளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். பாறை தேயும் வேகம் முதலில் ஏறியது, ஓர் உச்சத்தைத் தொட்டது, பிறகு இறங்கியது. 2001-இல் வெளியான முடிவு அது. அதே கல், குறைவாக இருக்கும்போது உளியாகவும் நிறைய இருக்கும்போது கவசமாகவும் வேலை செய்கிறது.

பாறைப் படுகையில் உரல் போன்ற வட்டக் குழிகளைப் பார்த்திருக்கலாம். ஒரு சின்னப் பள்ளத்தில் நீர் சுழலத் தொடங்குகிறது. அந்தச் சுழலுக்குள் சில கற்கள் மாட்டிக்கொள்கின்றன. வெளியே போக வழியில்லாமல் ஒவ்வொரு வெள்ளத்திலும் அங்கேயே சுற்றிச் சுற்றி வருகின்றன, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதைப்போல. குழி ஆழமாக ஆக, சுழலும் அதற்குள் இறங்குகிறது. குழவிக்கல்லும் தேய்ந்து உருண்டையாகி, கடைசியில் தூளாகிப் போகும். அடுத்த வெள்ளம் வேறு கல்லைப் போட்டுவிட்டுப் போகும். வற்றிய காலத்தில் குழிக்குள் எட்டிப் பார்த்தால், அடியில் இரண்டு மூன்று வழவழப்பான கற்கள் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும். மகாராஷ்டிராவின் நிகோஜில் குக்கடி ஆற்றில், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறையில் இப்படிப்பட்ட குழிகள் வரிசையாக இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் பிளைடு ஆறும் ட்ரூர் ஆறும் கூடும் இடத்தில் இருக்கும் குழிகளும் பேர்பெற்றவை. பக்கத்துப் பக்கத்துக் குழிகளின் சுவர் தேய்ந்து ஒன்றாகிவிட்டால், ஆறு ஒரேயடியாக ஓர் அடுக்கு கீழே இறங்கிவிடும்.

அருவியில் வேலை வேறு மாதிரி. நயாகராவில் மேலே கெட்டியான டோலமைட் பாறை, கீழே மென்மையான களிப்பாறை. கீழ்ப்பாறை குடையப்பட்டு உள்வாங்க, மேல்பாறை தாங்க ஆளில்லாமல் உடைந்து விழுகிறது. அப்படியே அருவி பின்வாங்கிக்கொண்டே போகிறது. சுமார் 12,000 ஆண்டுகளில் சுமார் 11 கிலோமீட்டர் பின்னால் வந்திருக்கிறது.

இனி, தண்ணீர் தானே இறங்கிச் செய்யும் வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். "பெரும்பாலும்" என்று தொடக்கத்தில் எழுதியது இவற்றுக்காகத்தான். ஒன்று, கரைப்பது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமிலவாயுவை எடுத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. கருங்கல்லை அது அவசரமாக ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துக் குகையே குடைந்துவிடும். இரண்டாவது, பெயர்ப்பது. பாறையில் ஏற்கெனவே வெடிப்புகள் இருந்தால், வேகமான நீர் அவற்றுக்குள் புகுந்து நெம்பி, பாளம் பாளமாகத் தூக்கி எறிந்துவிடும். அமெரிக்காவின் டெக்சாஸில் கேன்யன் ஏரிக்குக் கீழே, 2002 ஜூலையில் வந்த ஒரே வெள்ளம், சுமார் மூன்று நாளில் சராசரியாக 7 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளத்தாக்கை வெட்டிவிட்டது. தேய்த்து அல்ல, சுண்ணாம்புப் பாறையின் பாளங்களைப் பெயர்த்தே. கிராண்ட் கேன்யன்போல லட்சக்கணக்கான ஆண்டுகள் எடுக்கும் வேலைக்கு நடுவே இப்படி ஒரு மூன்று நாளும் உண்டு.

மூன்றாவது, குமிழி. நீர் மிக வேகமாகப் பாயும்போது சில இடங்களில் அழுத்தம் சட்டென்று விழுந்து நீராவிக் குமிழிகள் உண்டாகும். கொஞ்சம் தள்ளி அழுத்தம் கூடியதும் அவை உள்நோக்கி நொறுங்கும். பாறைக்குப் பக்கத்தில் நொறுங்கினால் ஊசிபோன்ற நீர்த்தாரை பாறையைக் குத்தும். சாதாரண ஆற்றில் இந்த வேகம் அபூர்வம். ஆனால் 1983-இல் கொலராடோ ஆற்றின் கிளென் கேன்யன் அணையில், உபரிநீர்ச் சுரங்கத்தில் பாய்ந்த நீர் அதன் கான்கிரீட்டைக் கிழித்து, பின்னால் இருந்த மணற்பாறையில் சுமார் 10 மீட்டர் ஆழத்துக்குக் குழி பறித்தது. கான்கிரீட்டைக் கிழிக்கத் தொடங்கியது இந்தக் குமிழிகள்தான்.

மறுபடி கையில் இருக்கும் கூழாங்கல்லுக்கு வருவோம். ஈரமாக இருக்கும்போது பளபளவென்று, கோடும் வண்ணமுமாக மின்னும். உலர்ந்ததும் மங்கிப்போகும். ஏனென்றால் கைக்கு வழவழப்பாகத் தெரியும் அந்தப் பரப்பு உண்மையில் லட்சக்கணக்கான நுண்ணிய குழிகள். ஒவ்வொன்றும் ஒரு மோதலின் தழும்பு. உலர்ந்த கல்லில் இந்தக் குழிகள் வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. தண்ணீர் குழிகளை நிரப்பியதும் பரப்பு சமமாகி, கல்லின் உள் நிறம் தெரிகிறது. வெள்ளைக் குவார்ட்சைட் கற்களில் சில நேரம் தழும்பை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம்: நகத்தை அழுத்தியதுபோல, பிறை பிறையாக.

கல் கிடக்கும் விதத்தையும் படிக்கலாம். தட்டையான கற்கள் படுகையில் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, ஓடு வேய்ந்ததுபோல அடுக்கியிருக்கும். அவற்றின் தாழ்ந்த முனை மேலாற்றைப் பார்த்திருக்கும். அப்படிச் சாய்ந்த கல்லைத்தான் ஓட்டத்தால் சுலபமாகப் புரட்ட முடியாது, அதனால் அந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. ஆறு எப்போதோ வற்றி, படுகை பாறையாக இறுகிப்போனாலும் இந்தச் சாய்வு அப்படியே இருக்கும். நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

இந்தப் படிப்பு இன்னொரு கிரகத்திலும் பலித்தது. செவ்வாயில் கேல் பள்ளத்தில் 2012 ஆகஸ்டில் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தி, அடுத்த மாதமே உடைந்த நடைபாதைபோல் கிடந்த ஒரு பாறைத்தட்டைப் படம் பிடித்து அனுப்பியது. மணலுக்குள் பொதிந்து இறுகிய கற்கள், பல 2 மில்லிமீட்டர் முதல் 40 மில்லிமீட்டர் வரை, மூலை மழுங்கி உருண்டு கிடந்தன. இவ்வளவு பெரிய கற்களைக் காற்றால் தூக்கி மோதவிட முடியாது. ஓடும் நீர்தான் கொண்டுவந்திருக்க வேண்டும், கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழம் இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள். டொமொகோஷும் ஜெரோல்மாக்கும் இருந்த ஒரு குழு 2015-இல் இன்னும் ஓர் அடி மேலே போனது. மூலைகள் முதலில் போகும் என்ற அதே விதியைக் கொண்டு, வெறும் படத்தில் தெரிந்த உருவத்திலிருந்தே கணக்குப் போட்டார்கள். அந்தக் கற்கள் தங்கள் பருமனில் சுமார் 20 சதவீதத்தை வழியில் இழந்திருந்தன. அவ்வளவு இழக்க அவை சுமார் 50 கிலோமீட்டர் உருண்டு வந்திருக்க வேண்டும்.